சிமிழில் போன மண்

மதியம் பன்னிரண்டரை. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் காலை எட்டு. இன்னும் சரியாக விடியவில்லை. இளவேனில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தவளை கத்தியது.

சிலம்பரசன் முதலில் கவனிக்கவில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றி, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, ஒரு வாய் எடுத்த பிறகுதான் காதில் விழுந்தது. ஒரு தவளை அல்ல. நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில், மழை விட்ட இரவில், ஒரு மூலையில் தொடங்கி அடுத்த வரப்பு, அதற்கடுத்த வரப்பு என்று பதில் சொல்லிக்கொண்டே போகுமே, அந்தச் சத்தம். சுவருக்கு அப்பால் இருந்து வருவது போல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவள் தலைக்குப் பின்னால் ஜன்னல். கண்ணாடியின் ஓரத்தில் பனி ஒட்டியிருந்தது.

"அங்க என்ன சத்தம்?"

"எங்க?"

"தவள கத்துற மாரி."

அவள் சிரித்தாள். "இங்க ஏதுங்க தவள? வெளியில மைனஸ் நாலு. ஒங்க பக்கமா இருக்கும்."

எழுந்து ஜன்னலுக்குப் போனான். கோயில்பத்துத் தெரு வெயிலில் காய்ந்து கிடந்தது. மழை நின்று ஒரு வாரத்துக்கு மேலாகிறது. கீழ் வீட்டில் நுஸ்ரத் அக்காவின் மிக்சி ஓடியது. கொடியில் மகள் கவியாவின் யூனிஃபார்ம். எங்கும் ஈரம் இல்லை.

திரும்பி வந்து தன் பக்கத்து மைக்கை அணைத்தான். எதிரொலியாக இருந்தால் நின்றுவிடும்.

நிற்கவில்லை.

"என்னங்க, பேச மாட்டேங்குறீங்க?" என்றாள். அவள் வாய் திறந்ததும் தவளைகள் எல்லாம் ஒன்றாக அடங்கின. அவள் பேசி முடித்ததும் மறுபடி தொடங்கின. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தொடர்வதைப் போல.

*

இளவேனில் நர்ஸ். காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். புதுச்சேரியில் தங்கி ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, செப்டம்பரில் கிளம்பினாள். அவள் முதலில் போய் வீடு பார்ப்பது, பிறகு சிலம்பரசன் மின்துறையில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டுக் குழந்தையோடு வந்து சேர்வது என்று ஏற்பாடு. விமான நிலையக் கண்ணாடிக் கதவருகே கவியா, "அம்மா போ, அம்மா போ" என்று கையாட்டினாள். இளவேனில் திரும்பி வந்து மண்டியிட்டாள்.

"போன்னு சொல்லக் கூடாது கண்ணு. யாரு கெளம்புனாலும் போயிட்டு வான்னு சொல்லணும். எங்க, சொல்லு?"

"போயிட்டு வா."

நாலு வயது. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மறக்க மாட்டாள். அதற்குப் பிறகு பால்காரர், கேஸ்காரர், தெருநாய் எல்லாருக்கும் அதுதான்.

முதல் இரண்டு மாதம் இளவேனில் ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தாள். தினமும் அழுதாள். குப்பைக்கு நாலு தொட்டி, நாலு நிறம். தப்பாகப் போட்டதற்குப் பக்கத்து அறைக்காரி கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடக் கூடாது. "லிஃப்ட்ல ஏறுனா கதவப் பாத்துக்கிட்டே நிக்கிறாங்கங்க. ஒருத்தரும் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாங்க. நா இருக்கேனா இல்லயான்னே எனக்கு சந்தேகமா இருக்கு. திரும்பி வந்துடவா?"

"தனி வீடு கெடைக்கட்டும். மண்ண வச்சிப் பால் காய்ச்சு. எல்லாம் சரியாப் போயிடும்" என்றான் சிலம்பரசன்.

அந்த மண்ணை அவன்தான் கொடுத்தனுப்பினான். குலதெய்வத்தை விட்டுத் தொலைவில் குடியேறுகிறவர்கள் கோயில் மண்ணில் ஒரு பிடி கொண்டுபோவார்கள். போன வீட்டில் அதை வைத்துக் கூப்பிட்டால் சாமி அங்கேயும் வந்து உட்காரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்குக் கப்பல் ஏறியவர்களும் அப்படித்தான் கொண்டுபோனார்கள் என்று அவன் குடும்பத்தில் பேச்சு உண்டு.

அவர்களுக்குக் குரும்பகரத்துக் காத்தாயி. வயலுக்கு நடுவே இருந்த கோயில். புறவழிச் சாலைக்கு இடம் எடுத்தபோது அவளைத் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் புதிதாகக் கட்டி வைத்தார்கள். சிலம்பரசன் மண் எடுக்கப் போனபோது புதுக்கோயிலில் மண் இல்லை. உள்ளே கிரானைட். வெளியே டைல்ஸ். சுற்றிலும் சிமெண்ட். அதற்கு அப்பால் கிடந்தது லாரியில் வந்த மணல்.

பழைய இடத்துக்கு நடந்தான். அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்திய இடம். உண்மையான இடம் அதுதானே என்று நினைத்தான். சாலைக்காரர்கள் நட்ட அளவுக்கல்லுக்குப் பக்கத்தில் செங்கல் சிதறிக் கிடந்தது. பீடம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அந்த வருடம் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. பள்ளத்து மண் மட்டும் கறுப்பாக, குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தது. கை வைத்தபோது உள்ளே ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அது தாவவில்லை. நகர்ந்து இடம் விட்டது.

ஆத்தாளின் அருள் என்று கும்பிட்டான். ஒரு பிடி அள்ளிக் குங்குமச் சிமிழில் அடைத்தான்.

நவம்பரில் தனி வீடு கிடைத்தது. ஒரே அறை, ஒரு சமையல் மூலை. இங்கே நல்ல நேரம் பார்த்து, அங்கே விடியாத இருட்டில் அவள் பால் காய்ச்சினாள். புகை மணி அடிக்கும் என்று சூடம் ஏற்றவில்லை. சிமிழைத் திறந்து மூலையில் ஒரு தட்டில் வைத்தாள். அவர்கள் குடும்பத்தில் சாமியைப் பெண் குழந்தை கூப்பிட வேண்டும். கவியா அவன் மடியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆத்தா, உள்ள வா! இது ஒன் வீடு!"

இருவரும் சிரித்தார்கள். அப்போது படம் உறைந்தது. இளவேனில் வாய் பாதி திறந்தபடி நின்றாள். பால் பொங்கியபடி நின்றது. மீண்டும் அசைந்தபோது அவள் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் அழவில்லை.

*

அதற்காக அவன் சந்தோஷப்பட்டிருந்தான். இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

ஹீட்டரைப் போடுவதில்லை என்றாள். கரண்டு மிச்சம் என்று நினைத்தான். பனி பெய்கிற ஊரில் அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. தலை எப்போதும் ஈரமாக இருந்தது. "குளிச்சியா?" என்று கேட்டால், "இல்லயே" என்பாள். முன்பெல்லாம் போனை எடுத்ததும் கவியாவைத் தேடுவாள்; சாப்பிட்டாளா, நகம் வெட்டினீங்களா, பல் தேய்த்தாளா என்று நூறு கேள்வி. இப்போது கேட்பதில்லை. "இங்க பயமே இல்லங்க. கூட ஆளு இருக்குற மாரி இருக்கு" என்றாள். போனை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்தாள். மூலையைக் காட்டவில்லை.

தவளை கேட்ட மறுநாள். அதே மதிய நேரம். விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகள் காலையில்தான் கூரியரில் வந்திருந்தன. அவற்றைக் காட்டினான். அவள் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எப்பக் கெளம்புறீங்க?"

"பொங்கல் முடிஞ்சு."

"அவ்வளவு நாளா?" அவள் கழுத்தைத் திருப்பி யாரையோ பார்த்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். "முன்னாடியே கூட்டிட்டு வாங்க. புள்ளயக் கேட்டுக்கிட்டே இருக்கு."

"யாரு கேக்குறா?"

தவளைகள் நின்றன.

அவள் போனைச் சரியாக வைக்கப் போய் அது சரிந்தது. மேல்கூரை, கதவு, பின் அந்த மூலை. பக்கவாட்டில் விழுந்த போன் அசையாமல் அதையே காட்டியது.

கையில் அடங்குகிற ஒரு சிமிழ் மண். அவன் அள்ளியது அவ்வளவுதான். மூலையில் முழங்கால் உயரத்துக்கு மண் இருந்தது. கறுப்பு மண். உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகியதைப் போல வழுவழுப்பாக, ஈரம் மின்ன, சுவரோடு ஒட்டி உயர்ந்திருந்தது. உச்சியில் ஒரு குழிவு. மெத்தையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அமுங்குமே, அது போல. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிவு கொஞ்சம் நகர்ந்தது.

"இளா, அது என்ன?"

"எது?"

"மூலையில."

"ஒக்காந்திருக்கு" என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதைப் போல.

*

நடராசன் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறவர். பங்காளி முறையில் அண்ணன். வெள்ளிக்கிழமைகளில் காத்தாயிக்குப் பூசை செய்வது அவர்தான். சிலம்பரசன் போனபோது வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னடா ஜெர்மனிக்காரன், இன்னும் இங்கயே திரியுற? அங்க போயி மீட்டர் ரீடிங் எடுக்கப் போறியா?" என்று சிரித்தார். "ஆத்தாளுக்கு விசா கேக்கலயா ஏர்போர்ட்ல?"

சிலம்பரசன் சிரிக்கவில்லை. சொன்னான். தவளை, வியர்வை, மண். நடராசன் பாதி கேட்கும்போதே குழாயை மூடினார்.

"மண்ண எங்கேந்து எடுத்த?"

"பழைய எடத்துலேந்து."

"அங்கதான் ஆத்தா இல்லயேடா. கொடத்துல எறக்கி, மேளம் கொட்டி, நாந்தான தலையில சொமந்துக்கிட்டு வந்தேன்? நீயும்தான பின்னால வந்த?"

"எடம் அதுதானண்ணே?"

"எடம் அதுதான். ஆளு அது இல்ல." கைலியில் கையைத் துடைத்தார். "தலமொற தலமொறயாப் படையல் வாங்குன பீடம்டா அது. காலியா விட்டா சும்மா கெடக்குமா? பூட்டிக் கெடக்குற வீட்லயே எவனாவது பூந்துடுறான்."

"யாரு பூந்தது?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நா டிராக்டர் ஓட்டுறவன். எங்கப்பா செஞ்சத நா செய்யுறேன், அவ்வளவுதான்."

இரண்டு பேரும் பழைய இடத்துக்குப் போனார்கள். அளவுக்கல் இல்லை. செங்கல் இல்லை. பள்ளம் இல்லை. தார் போட்டு, உருளை ஓட்டி, வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். நாகப்பட்டினம் போகிற லாரி ஒன்று காற்றை அறைந்துவிட்டுப் போனது. நடராசன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுக்குத் திரும்பி வரவும் எடம் இல்ல" என்றார்.

வாய்க்கால் கரைக்கு இறங்கி, புதரை ஒதுக்கி, ஒரு செங்கல்லை நட்டார். மஞ்சள் பூசினார்.

"கூப்ட்ட வாய்தான் போகச் சொல்லணும்னு அப்பா சொல்வாரு. கூப்ட்டது இளவேனில்தான?"

"கவியா."

நடராசன் மஞ்சள் கையைப் புல்லில் துடைத்தார்.

"புள்ளய விட்டு ஒரே வார்த்த, போன்னு சொல்லச் சொல்லு. சொன்ன ஒடனே நீ இந்த எடத்தச் சொல்லிடு. வாய்க்கா கர, செங்கல்லுன்னு. மறந்துடாத. எழும்பிட்டா அதுக்கு ஒக்கார ஒரு எடம் வேணும்டா. கெடைக்கலன்னா எழுந்த எடத்துலயே திரும்பிப் போயி ஒக்காந்துடும். ரெண்டாந்தரம் ஒக்காந்தா எழுப்ப முடியாது. அதோட அவ அவளா இருக்க மாட்டா."

"இதெல்லாம் செஞ்சு பாத்திருக்கீங்களாண்ணே?"

"இல்ல" என்றார் நடராசன்.

*

மறுநாள் மதியம் நுஸ்ரத் அக்கா வீட்டிலிருந்து கவியாவை மாடிக்குக் கூட்டிவந்தான். கிரில் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டான். மரக்கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. வாசற்படியில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். "கவி, அப்பா சொல்றத மட்டும் சொல்லணும். போ. அவ்வளவுதான். எங்க, சொல்லு?"

"யார?"

"அம்மா வீட்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்கள."

"ஆத்தாவா?"

"ஆமா."

"ஏம்ப்பா, ஆத்தா கெட்ட புள்ளயா?"

"சொல்லும்மா. போ."

"போ" என்றாள் கவியா. சரியாகச் சொன்னாள். மறுபடி கேட்டான். மறுபடியும் சரியாகச் சொன்னாள்.

அழைத்தான். மணி வெகு நேரம் அடித்தது. எடுத்தபோது இருட்டு. தவளைச் சத்தம் அறை முழுக்க நிரம்பி, போனின் சின்னத் துளைக்குள் அடங்காமல் கரகரத்தது. அதற்குள்ளே இன்னொரு சத்தம். சேற்றில் புதைந்த காலைப் பிடுங்குகிற சத்தம். மெதுவாக. ஒரு கால். இன்னொரு கால். பிறகு ஒரு வெளிச்சம் எரிந்து இளவேனில் தெரிந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டை முழங்கைவரை கறுப்பு. அவளுக்குப் பின்னால் மண். அவள் தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வளைந்து முன்னால் வந்திருந்தது. அணைப்பது போல.

"புள்ள வந்துட்டாளா?" என்றாள். இளவேனிலின் குரல். இளவேனிலின் வாய் அசைந்தது. கண் அசையவில்லை.

கவியா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றான் சிலம்பரசன்.

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள். அவன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் உயரத்தில் அவள் பார்வை போய் நின்றது. அவள் பயப்படவில்லை. கையைத் தூக்கி, யார் கிளம்பினாலும் ஆட்டுவது போல ஆட்டினாள்.

"ஆத்தா, போயிட்டு வா."

சத்தம் நின்றது.

எல்லாம் நின்றது. கீழே மிக்சியும் நின்றது.

போனில் மண் காய்வதை அவன் பார்த்தான். கறுப்பு வெளிறியது. வெடிப்பு ஓடியது. மேலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. உச்சியில் அந்தக் குழிவு மட்டும் கலையவில்லை. அமுங்கியது அமுங்கியபடியே. காலியாக.

இளவேனில் மூச்சை இழுத்தாள். தண்ணீருக்கடியிலிருந்து வந்தவளைப் போல.

"ஏங்க." பற்கள் அடித்துக்கொண்டன. "ஏங்க, ரொம்பக் குளுருதுங்க. ஏன் இவ்வளவு குளுருது? கவியா எங்க? புள்ள சாப்ட்டாளா?"

அவள்தான். அவளேதான். அழுதாள். விடுதியில் அழுத அதே அழுகை.

அப்போதுதான் இடத்தைச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"குரும்பகரம்" என்றான். "வாய்க்கா கர. செங்கல்லு வச்சிருக்கு." போனைப் பார்த்துச் சொன்னான். போனில் அவள் மட்டும் இருந்தாள். சுவரைப் பார்த்துச் சொன்னான். "மஞ்ச பூசியிருக்கு. வாய்க்கா கர. வாய்க்கா கர."

"யார்ட்டங்க பேசுறீங்க?" என்றாள் இளவேனில்.

கீழிருந்து நுஸ்ரத் அக்காவின் குரல். "தம்பி! மாடிப்படியெல்லாம் யாரு சேத்தோட ஏறுறது? இப்பதான தொடச்சேன்!"

சேற்றின் வாடை. வெயிலில். நாற்று வேர் அழுகிய வாடை.

ஒரு தவளை. படிக்கட்டின் அடியில்.

இன்னொன்று. நடுப்படியில்.

மடி லேசாக இருந்தது. கவியா இல்லை. எப்போது இறங்கினாள்? கிரில் கேட்டின் முன்னால் நின்றிருந்தாள். வாசற்படியில் வெயில் இல்லை. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு உயரத்தைப் பார்ப்பது போல.

கம்பிகளுக்கு வெளியே இருந்து தண்ணீர் சொட்டியது. அவள் நெற்றியில். கறுப்பாக.

எழப் போனான்.

"ஏங்க" என்றாள் இளவேனில், கையில் இருந்த போனிலிருந்து. "போன வச்சிடாதீங்க. என்னய திரும்பத் தனியா விட்டுடாதீங்க."

கவியா எதற்கோ தலையாட்டினாள். பிறகு, ஒரு கையைக் கொக்கியில் வைத்தபடி, திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள வரலாமான்னு கேக்குது. வேணாம்னா அம்மாகிட்டயே திரும்பிப் போயிடுமாம். என்ன சொல்லட்டும்?"